கூலி நாட்டுச் செவலைக் காளை: பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது?

காரிமங்கலத்து அக்கா:

எல்லோருக்கும் வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்குக் காரிமங்கலம் பக்கம் ஒரு கிராமம். நாலு கறவை மாடு, ஒரு ஆலம்பாடிக் கிடாரி. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பால் ஊற்றிவிட்டு வந்ததும் வேடியப்பன் கோயில் வேப்பமரத்தடியில் தெருப் பிள்ளைகளை உட்கார வைத்துக் கதை சொல்வேன். மூன்று வருஷமாக நடக்கிறது. பன்னிரண்டு, பதினைந்து பேர் வருவார்கள், மாங்காய் சீசனில் குறையும். எல்லோரும் மாட்டு வீட்டுப் பிள்ளைகள். நல்லதங்காள் சொன்னேன், மதுரை வீரன் சொன்னேன், அதியமான் ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்ததை நாலு தடவை சொல்லியாயிற்று. "புதுசா சொல்லுங்கக்கா" என்று நச்சரிக்கிறார்கள்.

என் அக்கா மகன் அயர்லாந்து நாட்டில் டப்ளினில் மேல்படிப்பு படிக்கிறான். "சித்தி, இந்த ஊர்ல ஒரு மாட்டுக் கதை இருக்கு, அதை நீங்கதான் சொல்லணும்" என்று வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக அனுப்பினான். மொத்தம் பதினொன்று. போனைத் தொழுவத்து மாடத்தில் வைத்துவிட்டுப் பால் கறந்துகொண்டே கேட்டேன். 'தாய்ன் போ கூலி' என்று பெயராம். கூலி என்கிற நாட்டின் மாட்டை ஓட்டிக்கொண்டு போன கதை.

நான் விளங்கிக்கொண்டதைச் சொல்கிறேன். கானக்ட் நாட்டு ராணி மேவ். அவள் புருஷன் அலில். ஒருநாள் ராத்திரி படுக்கையில் பேச்சு வருகிறது. "என்னைக் கட்டின பிறகுதான் உனக்கு வாழ்வு" என்கிறான் அவன். "நீ வருவதற்கு முன்னாலேயே எனக்கு எல்லாம் இருந்தது" என்கிறாள் அவள். பேச்சு முற்றி, யாருடைய சொத்து அதிகம் என்று எண்ணிப் பார்க்கவே உட்கார்ந்துவிடுகிறார்கள். அண்டா குண்டா, மோதிரம், துணிமணி, ஆடு, குதிரை, பன்றி, மாடு எல்லாம் வாசலுக்கு வருகிறது. எதிலும் ஏற்றத்தாழ்வு இல்லை. ஒரே ஒரு காளையில்தான் குறைந்துபோகிறாள் ராணி. வெண்கொம்பன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது அவளுடைய மாட்டுக்குப் பிறந்த கன்று. ஆனால் பொம்பளை கையில் இருக்க மாட்டேன் என்று தானே போய் ராஜாவின் மந்தையில் சேர்ந்துகொண்டது.

இந்த இடத்தில் பதிவை நிறுத்திவிட்டேன். எங்கள் வீட்டில் பால் கணக்கு அட்டை முதல் ஆறு வருஷம் என் வீட்டுக்காரர் பேரில்தான் இருந்தது. தீவனம் வைத்தது நான், சாணி வழித்தது நான், நடுராத்திரியில் கன்று இழுத்தது நான். அப்புறம் அவரே போய்ப் பெயரை மாற்றிக் கொடுத்தார், அது வேறு. ஆனாலும் அந்த ராணிக்கு அன்றைக்கு வயிறு எப்படி எரிந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

வெண்கொம்பனுக்கு ஈடான காளை அயர்லாந்திலேயே ஒன்றுதான். கூலி நாட்டில் டாரா என்பவரிடம் இருக்கிறது. நிறம் பழுப்பு என்கிறான் என் அக்கா மகன், எங்கள் வாயில் அது செவலை. சாயங்காலம் அதன் முதுகில் ஐம்பது பிள்ளைகள் ஏறி விளையாடுவார்களாம். அதன் நிழலில் நூறு வீரர்கள் ஒதுங்கலாமாம். அது இருக்கிற ஊரில் காத்துக் கருப்பு அண்டாதாம். பட்டிக்குத் திரும்பும்போது அது கத்துவதைக் கேட்பதே ஊருக்குப் பாட்டுக் கேட்கிற மாதிரியாம்.

ராணி முதலில் சண்டைக்குப் போகவில்லை, முறையாக ஆள் அனுப்பிக் கேட்கிறாள். ஒரு வருஷத்துக்குக் காளையைக் கொடு, திருப்பித் தரும்போது கூட ஐம்பது கிடாரி தருகிறேன், நிலமும் தேரும் தருகிறேன் என்கிறாள். இப்போது எங்கள் ஊரில் எல்லாம் சினை ஊசிதான். ஆனால் என் தாத்தா காலத்தில் பொலிகாளை வைத்திருந்தார்கள். காளைக்காரருக்குப் படி தானியமோ தேங்காய் பழமோ கொடுப்பார்கள். ஐம்பது கிடாரி என்றால் யார்தான் மறுப்பார்? டாரா சந்தோஷத்தில் குதித்த குதியில் உட்கார்ந்திருந்த மெத்தையின் தையலே பிரிந்துவிட்டதாம். எவ்வளவு உண்மையான ஆள் பாருங்கள்.

அன்று ராத்திரி விருந்து. வந்த தூதர்கள் குடித்துவிட்டு, "இவன் கொடுக்காவிட்டாலும் அடித்துப் பிடுங்கிக்கொண்டுதான் போயிருப்போம்" என்று உளறுகிறார்கள். பரிமாறியவன் காதில் விழுகிறது. விடிந்ததும் பேச்சு முறிந்தது. அப்புறம்தான் படை.

மீதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். படை வருகிற நேரம், கூலி அடங்கிய அல்ஸ்டர் நாட்டு ஆண்கள் எல்லோரும் எழுந்திருக்க முடியாமல் கிடக்கிறார்கள், மாஹா என்பவளின் சாபம். பதினேழு வயசுப் பையன் கூ குலின் ஒருவன்தான் ஆற்றுத் துறையில் நின்று, ஒரு ஆளுக்கு ஒரு ஆளாகப் படையைத் தடுக்கிறான். கூடவே வளர்ந்து, இப்போது ராணி பக்கம் நிற்கிற ஃபெர்தியாவையே கடைசியில் கொல்ல வேண்டி வருகிறது. கடைசியில் இரண்டு காளையும் மோதிக்கொள்கின்றன. செவலை வெண்கொம்பனைக் குத்திக் கொன்று, ஊருக்குத் திரும்பி, தானும் செத்துப்போகிறது. யாருக்கும் எதுவும் மிச்சமில்லை.

இனி என் சந்தேகங்கள். நாங்கள் உட்காருகிற இடத்திலேயே வேடியப்பன் கல் இருக்கிறது. வில்லும் கத்தியுமாக ஒரு ஆள். ஊர் மாட்டை ஓட்டிக்கொண்டு போனவர்களைத் துரத்திப் போய் மீட்டுச் செத்தவர் என்று எங்கள் பாட்டி சொல்லும். அயர்லாந்துக் கதையும் அதேதானே? எங்கள் உறவுக்காரர் குழுவில் ஒரு செய்தி சுற்றுகிறது: அயர்லாந்தின் கெல்டிக் மக்களும் தமிழர்களும் ஒரே இனம், கிருஷ்ணகிரி மாவட்டத்து மல்லசந்திரத்தில் செத்தவர்களுக்குக் கட்டின கல்வீடும் அயர்லாந்தில் இருக்கிற கல்வீடும் ஒன்றே, அதுவே சாட்சி என்று. இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லலாமா? நான் சொல்வதை அவர்கள் அப்படியே நம்புவார்கள். அதனால்தான் பயமாக இருக்கிறது.

இன்னொன்று, இதில் யார் பக்கம் நின்று சொல்வது? எங்கள் கல்லில் மீட்டவர்தான் சாமி. இங்கே ஓட்டிக்கொண்டு போகிறவள் மனசும் எனக்குப் புரிகிறதே. பெயர்களைத் தமிழில் எப்படிச் சொல்வது என்றும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். கூலி நாடு என்றால் பிள்ளைகளுக்கு நாள் கூலிதான் நினைவுக்கு வரும்.

கல்தேடி, கிருஷ்ணகிரி:

அக்கா, வணக்கம். லீவு நாளில் பைக்கை எடுத்துக்கொண்டு நடுகல் பார்க்கப் போவது என் வழக்கம். அதனால் கல் பற்றி மட்டும் சொல்கிறேன்.

முதலில் அந்த வாட்ஸ்அப் செய்தி. தயவுசெய்து பிள்ளைகளுக்குச் சொல்லிவிடாதீர்கள். அயர்லாந்தில் கிளேர் பகுதியில் புல்னப்ரோன் என்று ஒரு கல்வீடு இருக்கிறது. அதில் அடக்கம் செய்தவர்களின் எலும்புகள் கி.மு. 3800 முதல் 3200 வரையான காலத்தவை. கெல்டிக் மொழி அந்தத் தீவுக்கு வந்ததே அதற்கு வெகுகாலம் கழித்துத்தான். நம் மல்லசந்திரத்துக் கல்வீடுகள் இரும்புக் காலத்தவை. இரண்டுக்கும் நடுவில் ஆயிரக்கணக்கான வருஷம். நாலு பலகைக் கல்லை நிறுத்தி மேலே ஒரு மூடுகல் வைப்பதை உலகத்தில் பல ஊர்க்காரர்கள் தனித்தனியாகச் செய்திருக்கிறார்கள். கல் கிடைக்கிற இடத்தில் செத்தவர்களை மறக்க மனசில்லாத எவரும் செய்யக்கூடியதுதான்.

ஆனால் ஒன்று உண்மையிலேயே ஒத்துப்போகிறது. நம் பெரியவர்கள் இந்தக் கல்வீடுகளைப் பாண்டவர் வீடு என்பார்கள், வனவாசத்தில் தங்கினார்களாம். அயர்லாந்திலும் டயர்முட், கிரானியா என்று ஒரு ஜோடி ஊரைவிட்டு ஓடிய கதை உண்டு. ஃபின் என்ற தலைவனுக்கு நிச்சயித்த பெண் அவள். அவன் துரத்தத் துரத்த, ஒரே இடத்தில் இரண்டு ராத்திரி தூங்காமல் ஓடினார்கள். அங்கே கல்வீடுகளுக்கு 'டயர்முட் கிரானியா படுக்கை' என்றுதான் பெயர். யார் கட்டியது என்று மறந்துபோன வீட்டில், ஓடிக்கொண்டே இருந்தவர்களைக் குடிவைத்திருக்கிறார்கள், அங்கேயும் இங்கேயும். இதைத் தைரியமாகச் சொல்லுங்கள்.

அப்புறம் யார் பக்கம் என்ற கேள்வி. நம் நடுகற்களே அதற்குப் பதில் வைத்திருக்கின்றன. ஆநிரை கவர்வதற்கு வெட்சி, மீட்பதற்குக் கரந்தை என்று இரண்டுக்கும் பூச்சூடிப் போனவர்கள் நம் ஆட்கள். கல்வெட்டில் மாட்டு மந்தையைத் 'தொறு' என்பார்கள். தொறு மீட்டுச் செத்தவனுக்கும் கல் உண்டு, தொறுவைக் கவரப் போய்ச் செத்தவனுக்கும் கல் உண்டு. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த கல்லில் தமிழ்பிராமி எழுத்தில் 'கூடல் ஊர் ஆகோள்' என்றே இருக்கிறது. ஆகோள் என்றால் மாட்டைக் கவர்ந்துபோவது. எந்தப் பக்கத்து ஆளாக இருந்தாலும் செத்த பிறகு கல் வைத்துப் பொங்கல் வைத்திருக்கிறோம்.

இன்னொரு கல்லைச் சொல்லாமல் முடிக்க மனசு வரவில்லை. செங்கம் பக்கம் எடத்தனூரில், மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த கல். எருமைகளைக் காக்கப் போய்ச் செத்த வீரன், பக்கத்தில் அவன் நாய். நாயின் பெயர் கோவிவன். அது இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்றது என்று கல்லிலேயே வெட்டி வைத்திருக்கிறார்கள். சுமார் 1,400 வருஷமாக அந்த நாயின் பெயர் அழியவில்லை. நீங்கள் சொன்ன கூ குலின் பெயரிலும் நாய் வருகிறது என்று கேள்விப்பட்டேன், ஐயா யாராவது விளக்கட்டும்.

பிள்ளைகளை ஒருநாள் தருமபுரி அகழ்வைப்பகத்துக்குக் கூட்டிப்போங்கள். நடுகற்களை வரிசையாக வைத்திருக்கிறார்கள்.

ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர், தருமபுரி:

அம்மா, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். தம்பி கல்தேடி நல்ல இடத்தில் விட்டிருக்கிறார், அங்கிருந்தே தொடங்குகிறேன்.

ஐரிஷ் மொழியில் 'கூ' என்றால் வேட்டை நாய். பையனுக்குப் பெற்றவர் வைத்த பெயர் சேதந்தா. குலன் என்ற கொல்லர் வீட்டு விருந்துக்கு விளையாடிவிட்டுத் தாமதமாகப் போகிறான். கொல்லர் எல்லோரும் வந்துவிட்டார்கள் என்று நினைத்துக் காவல் நாயை அவிழ்த்துவிட்டார். பாய்ந்து வந்த நாயைப் பையன் கொன்றுவிடுகிறான். கொல்லர் அழுகிறார், என் மாட்டையும் உடைமையையும் காத்தது அதுதானே என்று. அப்போது அந்தச் சிறுவன், "இதே இனத்தில் ஒரு குட்டி வளரும் வரை உங்கள் வீட்டை நானே காவல் காக்கிறேன்" என்கிறான். அன்று முதல் அவன் பெயர் கூ குலின், குலனின் நாய். தான் செய்த நஷ்டத்துக்குத் தன்னையே ஈடாக வைத்த பையன், பத்து வருடம் கழித்து நாட்டு மாட்டுக்கே காவலாய் ஆற்றில் நிற்கிறான். இந்தப் பகுதியைத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்பது என் எண்ணம். பிள்ளைகளுக்கு அவன் மீது பிடிப்பு வந்துவிடும்.

பெயர்களில் உங்கள் காதே சரியாக இருக்கிறது. மேவ், அலில், ஃபெர்தியா, மாஹா எல்லாம் அப்படியே சொல்லலாம். கூலி என்பது இன்றும் லௌத் பகுதியில் கடலுக்குள் நீண்டிருக்கும் நிலத்தின் பெயர். 'கூலி மலைநாடு' என்று சேர்த்துச் சொன்னால் குழப்பம் தீர்ந்துவிடும். 'போ' என்றால் பசு. சமஸ்கிருதத்தில் 'கோ' என்கிறோமே, இரண்டும் ஒரே வேர்ச்சொல்லில் கிளைத்தவை. கெல்டிக் மொழிகள் சமஸ்கிருதத்துக்குத் தூரத்து உறவு என்பதை 1786இல் கல்கத்தாவில் வில்லியம் ஜோன்ஸ் பேசிய புகழ்பெற்ற உரையிலேயே தொட்டுக்காட்டினார். தமிழ் வேறு குடும்பம். எனவே ஒரே இனம் என்ற பேச்சுக்கு மொழியிலும் இடமில்லை.

பிறகு ஏன் கதை ஒத்திருக்கிறது? மாடுதான் செல்வம் என்று வாழ்ந்த எந்த ஊரிலும் மாட்டுக்குத்தான் சண்டை வரும். பழைய ஐரிஷ் சட்டங்களில் அபராதம்கூடக் கறவை மாட்டுக் கணக்கில்தான். நம்மிடம் செல்வத்துக்கே மாடு என்று பெயர், 'மாடல்ல மற்றை யவை' என்று குறளில் பிள்ளைகள் படித்திருப்பார்கள். இரத்த உறவு வேண்டியதில்லை, தொழுவ உறவு போதும்.

மாஹாவின் கதையை விட்டுவிடாதீர்கள். நிறைமாதப் பெண் அவள். புருஷன் சந்தையில், "என் பெண்டாட்டி ராஜாவின் குதிரைகளைவிட வேகமாக ஓடுவாள்" என்று பெருமை பேசிவிடுகிறான். ராஜா அவளை இழுத்துவரச் சொல்கிறான். "பிரசவம் ஆகட்டும், அப்புறம் ஓடுகிறேன். உங்களையும் ஒரு தாய்தானே பெற்றாள்" என்று கூட்டத்தைப் பார்த்துக் கெஞ்சுகிறாள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஓடி, ஜெயித்து, எல்லைக் கோட்டிலேயே இரட்டைக் குழந்தை பெறுகிறாள். நாட்டுக்கு ஆபத்து வரும் நேரமெல்லாம் உங்கள் ஆண்களுக்கு ஐந்து பகல் நாலு இரவு பிரசவ வலி வரட்டும், ஒன்பது தலைமுறைக்கு என்று சாபம் கொடுக்கிறாள். அர்மா நகரை அடுத்த அந்த மேட்டுக்கு 'மாஹாவின் இரட்டையர்' என்று பொருள்படும் பெயர்தான் இன்றும் வழங்குகிறது. படை வந்தபோது வீரர்கள் எழ முடியாமல் போனது ஒரு கர்ப்பிணிக்குச் செய்த அநியாயத்தால். பிள்ளைகள் இதைக் கேட்க வேண்டும், குறிப்பாகப் பையன்கள்.

கல்லைப் பற்றி ஒரு வார்த்தை. ஃபெர்தியா விழுந்த துறைக்கு 'ஃபெர்தியாவின் துறை' என்று பெயர், இப்போது ஆர்டி என்கிற ஊர். கூ குலின் சாவது இந்தக் கதையில் அல்ல, வேறொரு கதையில். குடல் சரிந்த நிலையிலும் விழுந்து சாகக் கூடாது என்று ஒரு நெடுங்கல்லோடு தன்னைக் கட்டிக்கொண்டு நின்றபடியே உயிர்விடுகிறான். தோளில் காக்கை வந்து அமர்ந்த பிறகுதான் எதிரிகள் கிட்டே வரத் துணிந்தார்கள். லௌத் பகுதியில் நாக்பிரிட்ஜ் பக்கம் வயலில் நிற்கும் சுமார் 3 மீட்டர் உயரக் கல்லைக் காட்டி, இதுதான் அது என்கிறார்கள். 'பெரிய ஆளின் கல்' என்று அதற்குப் பெயர். வீரனுக்காக நட்ட கல் அல்ல அது, வீரனைத் தாங்கி நின்ற கல்.

இந்தக் கதை எப்படிக் கிடைத்தது என்பதற்கே ஒரு கதை உண்டு. பழங்காலப் புலவர்கள் முழுக் கதையையும் மறந்துபோனார்கள். தேடிக் கிளம்பியவர்களில் ஒருவன், கதையில் வரும் ஃபெர்கஸ் என்ற வீரனின் சமாதிக் கல்லின் எதிரே உட்கார்ந்து, கல்லையே ஃபெர்கஸாக நினைத்துப் பாடினான். மூன்று நாள் மூடுபனி சூழ்ந்தது. அதற்குள் ஃபெர்கஸ் எழுந்து வந்து முதலிலிருந்து கடைசி வரை சொன்னான். எழுத்தில் நமக்குக் கிடைக்கும் பழைய ஏடு சுமார் 1100இல் துறவிகள் தோலில் எழுதியது. அதற்கு 'பழுப்புப் பசுவின் ஏடு' என்று பெயர். புனித கீரன் வளர்த்த பசுவின் தோல் என்று வழிவழியாகச் சொல்வார்கள். அதற்குப் பிற்பட்ட லெய்ன்ஸ்டர் ஏட்டை எழுதியவர் கடைசியில், இதை இப்படியே மாற்றாமல் மனப்பாடம் செய்பவருக்கு ஆசி என்று ஐரிஷில் எழுதிவிட்டு, உடனே லத்தீனில், இதில் பலவற்றை நான் நம்பவில்லை என்றும் எழுதியிருக்கிறார். நம்பாத கதையையும் ஒரு வரி குறைக்காமல் எழுதி வைத்த அந்த மனிதருக்கு நான் வணக்கம் சொல்கிறேன்.

தகடூர் மண்:

அக்கா, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நம் ஊர்க் கதையே பிள்ளைகளுக்கு முழுசாகத் தெரியவில்லை. அதியமான் செத்த பிறகு அவன் நடுகல்லுக்கு மயில்பீலி சூட்டிச் சின்னக் கிண்ணத்தில் கள் ஊற்றுகிறார்கள். நாடே கொடுத்தாலும் வாங்காதவன் இதை வாங்குவானா என்று ஔவை அழுத பாட்டு புறநானூற்றில் இருக்கிறது. நெல்லிக்கனி சொல்கிற நாம் அந்த அழுகையைச் சொல்வதில்லை. அதை முடித்துவிட்டு அயர்லாந்துக்குப் போகலாமே?

காரிமங்கலத்து அக்கா:

தகடூர் மண் தம்பி, நீங்கள் சொன்னதும் மனசு என்னவோ போல் ஆகிவிட்டது. அந்தப் பாட்டை நான் சொன்னதே இல்லை. எனவே இந்த ஞாயிறு முதலில் அதைத்தான் சொன்னேன், வேடியப்பன் கல்லுக்கு எதிரிலேயே. அப்புறம்தான் கூலி மலைநாட்டுக்குப் போனோம். ஒன்றுக்காக ஒன்றை விட வேண்டியிருக்கவில்லை.

ஆசிரியர் ஐயா சொன்னபடி கொல்லர் வீட்டு நாயில் ஆரம்பித்தேன். கோவிவனையும் சேர்த்துக்கொண்டேன். சொத்து எண்ணுகிற இடத்தில் பிள்ளைகள் இரண்டு கட்சியாகப் பிரிந்து அண்டா, மோதிரம் என்று தாங்களே கத்த ஆரம்பித்துவிட்டார்கள். வெண்கொம்பன் ராணியை விட்டுப் போனதும் பொண்ணுங்கள் பக்கம் ஒரே கூச்சல். மாஹா ஓடும்போது ஒரு சத்தமில்லை. மெத்தை பிரிந்ததற்கு மட்டும் பத்து நிமிஷம் சிரித்தார்கள்.

கடைசியில்தான் மாட்டிக்கொண்டேன். செவலை ஊருக்குத் திரும்பிச் செத்துப்போனது என்று முடித்தேன். மூன்றாம் வகுப்புப் படிக்கிற ஒரு பொண்ணு, அப்பா போச்சம்பள்ளி சந்தையில் மாடு வாங்கி விற்பவர், எழுந்து நின்று கேட்டாள்: "அது முதுகில் ஏறி விளையாடின ஐம்பது பிள்ளைங்களும் அப்போ எங்கே இருந்தாங்க?" அடுத்த வாரம் சொல்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். என் அக்கா மகன் பதிவில் அது இல்லை. ஐயா, கதையில் ஏதாவது இருக்கிறதா?

ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர், தருமபுரி:

இருக்கிறது அம்மா. சொல்லலாமா என்று யோசித்தேன். உங்கள் அக்கா மகனும் அதனால்தான் விட்டிருப்பார்.

செவலை, வெண்கொம்பனின் உடலைக் கொம்பில் சுமந்தபடியே நாடு முழுக்க வருகிறது. அங்கங்கே துண்டு துண்டாக விழுகிறது. இடுப்புப் பகுதி விழுந்த துறைதான் அத்லோன் என்ற ஊர். கூலியில் பெண்களும் பிள்ளைகளும் தங்கள் காளை போய்விட்டதே என்று அழுதுகொண்டிருக்கிறார்கள். தூரத்தில் அதன் நெற்றி தெரிகிறது. ஆனால் வந்த காளை அவர்கள் மீதே பாய்கிறது, பலர் சாகிறார்கள். பிறகு மேட்டில் முதுகைச் சாய்த்து நிற்கிறது. அதன் இதயம் நெஞ்சுக்குள் ஒரு கொட்டை உடைவதுபோல் உடைந்துபோகிறது. லெய்ன்ஸ்டர் ஏட்டில் கதை அங்கேதான் முடிகிறது.

எருதுக்காரர், காவேரிப்பட்டினம்:

நான் கதை தெரிந்தவன் இல்லை. நாங்கள் மூன்று தலைமுறையாக எருது விடும் விழாவுக்குக் காளை கட்டுகிறவர்கள், அதனால் இதற்குப் பதில் சொல்லத் தோன்றியது.

ஓடி முடித்து வந்த காளையிடம் சொந்தக்காரனே உடனே போக மாட்டான். கண் சிவந்து, மூச்சு வாங்கி, உடம்பெல்லாம் நடுங்கும். தன் ஆளா வேற்றாளா என்று அதற்குத் தெரியாது. பிள்ளைகளை வீட்டுக்குள் அனுப்பிவிட்டு, நீளக் கயிற்றில் கட்டி, தூரத்தில் இருந்தே உடம்பில் தண்ணீர் இறைப்போம். பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருப்போம். காது திரும்பினால் சரியாகிவிட்டது என்று அர்த்தம். சில சமயம் ஒரு மணி நேரம்கூட ஆகும். ரத்தம் பட்ட காளை என்றால் சொல்லவே வேண்டாம். அந்தச் செவலை நாடெல்லாம் சுற்றி, செத்த மாட்டைக் கொம்பிலேயே சுமந்துகொண்டு வந்திருக்கிறது. அதற்கு யார் முகமும் தெரிந்திருக்காது அக்கா. அது மேல் தப்பு இல்லை என்று அந்தப் பொண்ணிடம் சொல்லுங்கள்.

காரிமங்கலத்து அக்கா:

நேற்று ஞாயிறு. அந்தப் பொண்ணு கேள்வியை மறக்கவில்லை, எனக்கு முன்னாலேயே வந்து கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மறைக்காமல் சொன்னேன். பிள்ளைகள் அழுதுகொண்டிருந்தார்கள், நெற்றியைப் பார்த்ததும் ஓடிப்போனார்கள், அதற்கு அடையாளம் தெரியவில்லை என்றேன். எருதுக்கார அண்ணன் எழுதியதையும் அப்படியே படித்துக் காட்டினேன்.

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. மற்ற பிள்ளைகளும்தான்.

அப்புறம், "அந்த ஊர்ல யாராவது தூரத்துல நின்னு ஒரு குடம் தண்ணி ஊத்தியிருந்தா?" என்றாள்.

காது திரும்பியிருக்கும் என்றேன்.